பந்தியில் உட்கார்ந்த மத்தியானம்

இலையில் ஊற்றிய சாம்பார் நடு நரம்பு வழியாக இந்தப் பக்கம் ஓடி வருகிறது, பவுனம்மாள் சாதத்தால் அணை கட்டுகிறாள், ஆனால் இன்னும் ஒரு வாய் வைக்கவில்லை, பதினாலு வருஷமாக இந்தக் கல்யாண மண்டபத்துக்குக் குப்பை எடுக்க வந்துபோகிறவள், இதன் நாற்காலியில் உட்காருவது இதுதான் முதல் தடவை, அதுவும் போலீஸ் வேனில் ஏற்றி வந்து உட்கார வைத்ததால்தான். காலையில் அவளையும் சேர்த்து எழுபது துப்புரவுப் பெண்கள் மாநகராட்சி அலுவலக வாசலில் சாலையில் உட்கார்ந்தார்கள், எங்கள் வார்டின் குப்பை வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கு என்று, பத்து மணிக்குப் போலீஸ்காரர்கள் கைது என்றார்கள், ஆறு மணிக்கு விட்டுவிடுவோம் என்றும் அதே மூச்சில் சொன்னார்கள், முகூர்த்தமில்லாத நாளாப் பாத்துப் போராடியிருக்கீங்க, புண்ணியமாப் போச்சு, என்று மண்டப மேனேஜர் கதவைத் திறந்துவிட்டார், சாப்பாடு வரவே மூன்றரை தாண்டிவிட்டது. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஐந்து மணிக்குள் கம்பெனியின் தாளில் கையெழுத்துப் போடாதவளுக்கு நாளை வேலை இல்லை, போட்டால் உண்டு, ஆனால் பதினாலு வருஷமும் அழிந்து நேற்றுச் சேர்ந்தவளாகிவிடுவாள், சம்பளமும் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், போட்டுடும்மா, அப்பறம் பாத்துக்கலாம், என்று மகள் ஷர்மிளா காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள், நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், அவள் சொல்வதில் என்ன தப்பு.

சாப்புடு பவுனு, ஆறிடப் போவுது, என்கிறாள் பக்கத்து நாற்காலி டில்லிராணி, இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தள்ளுவண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தவர்கள், ஆறட்டும், பவுனம்மாளுக்கு இந்த இலையைப் பார்த்தால் வேறொரு பந்தி கண்முன் வருகிறது, போன தை மாசம், கவுன்சிலர் மகள் கல்யாணம், இதே கூடம், இவள் பின்வாசலில் கறுப்புப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முதல் பந்தி முடிகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள், ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒரே வரிசையில், மேடையில் ஒருத்தரை ஒருத்தர் கிழி கிழியென்று கிழிக்கிறவர்கள், நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒல்லியாக ஒருவர், இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு அவர் இலைக்கு அப்பளம் கேட்டு வாங்குகிறார்கள், யாருடி அது, குப்பைக் கம்பெனி ஓனராம், குப்பைக்கு ஏதுடி ஓனரு, என்று கேட்டு இவளும் டில்லிராணியும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மூன்று இலைகளையும் எடுத்தவள் இவள்தான், ஓனர் இலையில் ஒரு வாய்கூடக் குறையவில்லை, பசியில்லாதவருக்கு எத்தனை உபசாரம் என்று வயிறு எரிந்தது, அடுத்த மாசமே வார்டு அவர் கைக்குப் போனது, பேப்பரில் வரும் முன்பே அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை, சிரித்துவிட்டு வந்துவிட்டாள், நினைத்தால் இப்போதும் தன்மேலேயே கோபம் வருகிறது, அதற்கும் முன்னால், வேலைய நிரந்தரம் பண்ணித் தர்றேம்மா, என்று ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலர் இவள் கையைப் பிடித்தார், குப்பை அள்ளுகிற கை, அதைப் பிடித்தாரே என்று உருகிப்போய்த் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவளும் இவள்தான். ஒரு வழியாகப் பாதிச் சாதம் உள்ளே போயிற்று.

அப்புறம் நடந்தது ஒரு கூத்து, எழுபது பேரும் கைகூடக் கழுவாமல் இலையை எடுக்கக் குனிந்தார்கள், யாரும் சொல்லவில்லை, பழக்கம், டில்லிராணி வாளியைத் தேடுகிறாள், பவுனம்மாளின் கையும் பக்கத்து இலைவரை போய்விட்டது, போன கையை அவள் பார்த்தாள், உக்காருங்கடி, இன்னைக்கு நாம சாப்புட வந்தவங்க, என்றாள், சத்தமாகக்கூட இல்லை, ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். என்னம்மா, எப்பவும் நீங்கதான எடுப்பீங்க, என்றார் மேனேஜர், வேலைக்கு வந்தா எடுப்போம் சார், என்றாள் டில்லிராணி. அந்த நேரத்தில் கம்பெனி சூப்பர்வைசர் ஒரு கட்டுத் தாளோடு உள்ளே வந்தார், வைக்க இடம் தேடினார், மேசை முழுக்க எச்சில் இலை, பவுனம்மா, நீங்க சீனியர், நீங்க மொதல்ல போட்டா மத்தவங்களும் போட்டுடுவாங்க, மணி நாலே முக்கால், என்றார், அவளுக்கு மகள் முகம் வந்து போனது, பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை, ஆனாலும் அந்தத் தாளில் தன் பதினாலு வருஷத்தைத் தானே அழிக்க அவளுக்கு மனசு வரவில்லை, கை எச்சில் சார், என்றாள், கழுவிட்டு வாங்க, என்றார், காயட்டும் சார், அவர் எழுபது கைகளையும் சுற்றிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை, தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடம் பண்ணுவதற்காக அவள் இலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார், சாம்பார் நடு நரம்பு வழியாக ஓடி அவர் சட்டையில் இறங்கியது, யாரும் சிரிக்கவில்லை, ரெண்டு விரல்ல தூக்குனா ஊத்தும் சார், ரெண்டு பக்கமும் மடிச்சு உள்ளங்கையில வாங்கணும், என்று பவுனம்மாள் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தாள், பொறுமையா எடுங்க, இன்னும் அறுபத்தொம்பது இருக்கு.