பலகைக்குப் பின்னால் நின்ற மரம்

மார்ச் 11, புதன். இன்று ஒரு தவறு செய்தேன். ஏழாம் கேமரா, பன்னிரண்டாம் கேமரா இரண்டின் உறைகளையும் ஒன்றாகப் பிரித்து, மெமரி கார்டுகளை மேசையில் கொட்டிவிட்டேன். எது எதிலிருந்து வந்தது என்று நிச்சயமில்லை.

எழுதி முடித்து, தவறு என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டாள். மாலை வகுப்பில் வரைபடம் வரையக் கற்பவள். பகலில், ஏழு அமைப்புகள் சேர்ந்து காடுகளைக் காக்க நடத்தும் கூட்டமைப்பின் அலுவலகத்தில் காட்டுப் படங்களைப் பிரித்து வைக்கும் வேலை. அந்த வேலையை வாங்கித் தந்தவர் அக்காவின் கணவர். விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் அந்த இரண்டு கேமராக்களையும் இடம் பார்த்துக் கட்டியவரும் அவர்தான்.

ஏழாம் கேமரா அடர்ந்த காட்டில் இருந்தது. பன்னிரண்டாம் கேமரா முப்பது கிலோமீட்டர் தள்ளி, இரண்டு காடுகளுக்கு நடுவே இருக்கும் மொட்டை மேட்டில். மேட்டில் விலங்கு நடமாட்டம் இருப்பதாகப் படம் இருந்தால்தான் அது காப்பு வரைபடத்துக்குள் வரும். நாளைய கூட்டத்தில் எல்லைக் கோடு முடிவாகும். விட்டுப்போனால் மேடு கல்குவாரிக்குப் போய்விடும்.

இரண்டு கார்டிலும் வால்நுனி வளைந்த அதே சிறுத்தை. ஒன்றில் முகம், மற்றதில் முதுகு. இரண்டிலும் ஒரே தேதி, மாலை நாலு பத்து.

கார்டு மாறியிருந்தாலும் ஒரே சிறுத்தை ஒரே நிமிடத்தில் இரண்டு இடத்தில் நடக்காதே. கடிகாரம் தப்பாக இருக்குமோ? தன் கண்தான் தப்போ? மூன்று முறை பார்த்தாள். பிறகு ஒவ்வொரு கார்டின் முதல் படத்தையும் திறந்தாள். கேமராவைக் கட்டுகிறவர் அதன் எண்ணைப் பலகையில் எழுதி முன்னால் பிடிப்பது வழக்கம். ஒரு பலகையில் 7. இன்னொன்றில் 12. இரண்டுக்கும் பின்னால், அடியில் கருகிப் பொந்து விழுந்த ஒரே மரம்.

பலகையைப் பிடித்த கட்டைவிரலில் நீலத் துணிக்கட்டு. போன மாதம் அத்தானுக்கு அவளே கட்டிவிட்டது.

வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, தான் தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். இந்த வாரம் மட்டும் அத்தான் அதே கேள்வியை மூன்று முறை கேட்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன் நான்காவது முறை.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, பன்னிரண்டாம் கேமரா படம் வரைபடத்துக்குப் போயிடுச்சா?"

"சாப்பிடும்போதாவது அந்த மிருகங்களை வெளிய விடுங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா.

"அத்தான், ஏழாம் கேமரா மரம் பன்னிரண்டாம் நம்பர் பலகைக்குப் பின்னாடி எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

அவர் கை தட்டிலேயே நின்றது. அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேட்டுல கட்டுன கேமராவை மூணு தடவை எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்" என்றார் மெல்ல. "அதான் பன்னிரண்டையும் ஏழு பக்கத்துலயே கட்டுனேன். ஆனா மேட்டுலயும் சிறுத்தை வருது. என் கண்ணால பார்த்தேன்."

"நிஜமாவா?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். படம் இல்லன்னா மேடு போச்சு. குவாரிக்காரன் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறான்."

"கேமரா காணாமப் போனதை ஏன் ஆபீஸ்ல சொல்லல?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். திருட்டுக் கதையை நம்புவதா, சிறுத்தையை நம்புவதா, எதிரில் உட்கார்ந்திருப்பவரையே நம்பக் கூடாதா? அவளுக்குப் புரியவில்லை.

"இது ஒண்ணு பொய்னு தெரிஞ்சா, ஏழு அமைப்பும் போட்ட மொத்த எல்லைக் கோட்டையும் குவாரிக்காரன் பொய்னுடுவான் அத்தான்."

"அவர் வேலை என்னடி ஆகும்?" என்றாள் அக்கா.

அத்தான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சொல்றதுன்னா நீயே சொல்லு. நான் வர மாட்டேன்."

அறைக்குப் போய் நாட்குறிப்பைத் திறந்தாள். காலையில் எழுதியதன் கீழே எழுதினாள்:

நாளை ஒன்பது மணிக்கு, கூட்டம் தொடங்கும் முன், பன்னிரண்டாம் கேமராவின் படங்களை வரைபடத்தில் சேர்க்காமல் விலக்கி வைக்க வேண்டும். காரணத்தைக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் நானே சொல்ல வேண்டும். மேட்டுக்கு இரும்புப் பெட்டி போட்ட கேமராவும் ஒரு மாத அவகாசமும் கேட்க வேண்டும். அத்தான் கட்டிய மற்ற கேமராக்களின் முதல் படங்களையும் பார்க்க வேண்டும்.