உரித்த வாழைப்பழம்

"ஏதாவது சொல்லணுமா?" என்று நாத்தனார் வாசலில் நின்று கேட்டபோது, சொல்ல வேண்டியதெல்லாம் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழைப்பழத்தை மகள் மிளகேதான் உரிப்பாள், வேறு யாரும் தொடக் கூடாது. பிஸ்கட்டில் கீறல்கூட இருக்கக் கூடாது. நீலக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தால் பச்சை எங்கே என்பாள், பச்சையில் கொடுத்தால் நீலம் எங்கே என்பாள். சாக்ஸின் தையல் விரல்மேல் உறுத்தினால் அன்றைய பொழுது அத்தோடு சரி. மூன்று வயது மகளை யாரிடம் விட்டாலும் இதையெல்லாம் ஒப்பித்துவிட்டுத்தான் படியிறங்குவாள். இன்று விழுங்கிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாததா அண்ணி," என்றாள்.

போன வாரம் இதே வீட்டில் குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தன் நிழல் தன்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று மிளகு தரையில் புரண்டு அழுதாள். நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை; குடும்பத்துக்குள் ரகசியப் பெயர் ‘பெல்’. அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பேச்சு நின்றுவிடும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை, வளர்க்கத் தெரிய வேண்டும், தன்னிடம் ஒரு நாள் விட்டால் அடமெல்லாம் பறந்துவிடும் என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருந்த கணவன் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்கு வேறொரு நாள் வைத்திருக்கிறாள். இன்று அவன் அக்காவின் முறை.

அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கண்ணாடியின் கால்களைச் சூடாக்கி, வந்தவர்களின் காதுக்குத் தகுந்தபடி வளைத்துக்கொண்டே, ஒரு கண்ணைப் போன்மேல் வைத்திருந்தாள். மதியத்துக்குள் அது அடித்தது. நாத்தனார் பேசுவதற்கு முன்பே அலறல் வந்து சேர்ந்தது.

"பழத்தை உரிச்சுக் கொடுத்தேன். அதைத் திரும்ப மூடச் சொல்றா."

"அடம்தான் அண்ணி," என்றாள், குரலில் தேன் ஒழுக. "நீங்க சொன்னா கேப்பா."

அன்று அவளுக்கு நல்ல பசி. டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள். அடுத்த அழைப்பில், வேறு பழம் கொடுத்தும் வேண்டாம் என்கிறாளாம். அதே பழம்தான் வேண்டும், ஆனால் உரிக்காததாக வேண்டுமாம். அதற்கடுத்த அழைப்பில் மிளகே பேசினாள். அத்தை தன்னைப் பார்க்கிறாள் என்று புகார் சொன்னாள். பின்னாலிருந்து, "நான் ஒண்ணும் பாக்கல," என்று நாத்தனார் சத்தியம் செய்வது கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு, லென்ஸ் துடைக்கும் துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்க வேண்டிய கேள்வியைத் தீட்டினாள். அடமெல்லாம் பறந்துடுச்சா அண்ணி? ‘பறந்துடுச்சா’வில் அழுத்தம் கொடுப்பதா, ‘அண்ணி’யில் கொடுப்பதா என்று நிறுத்தம் வரும்வரை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள்.

கதவைத் திறந்த நாத்தனாரின் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சோபாவின் மெத்தைகள் தரையில் கிடந்தன. மேசைமேல் அந்த வாழைப்பழம், தோலோடு சேர்த்துச் சுற்றிலும் டேப் ஒட்டப்பட்டு, கட்டுப்போட்ட நோயாளியைப் போலப் படுத்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முறையிட ஆரம்பித்தார்கள். அத்தை பழத்தை உடைத்துவிட்டாளாம். தான் உடைக்கவில்லை, அதுவாக உடைந்ததாம். தன் மூக்குக்கண்ணாடிக்குத் தூக்கம் வருகிறது என்று இவள் அதை எங்கோ ஒளித்துவைத்துவிட்டாளாம், காலையிலிருந்து கண்ணே தெரியவில்லையாம். மிளகுக்காவது மூன்று வயது. நாத்தனாரின் கீழுதடு அதைவிடச் சின்ன வயதில் துருத்திக்கொண்டிருந்தது.

இதுதான் சமயம் என்று அவள் வாயைத் திறந்தாள். நாத்தனார் மெத்தைமேல் உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தார்.

"என் பையன் ஒரு தடவைகூட இப்படி எதிர்த்து நின்னதில்ல," என்றார். "இப்பவும் போன் பண்ணா, என்ன கேட்டாலும் ‘சரிம்மா’. அவ்வளவுதான் பேசுவான்."

தீட்டி வைத்த கேள்வி வாயிலேயே கிடந்தது. இரக்கம் என்று சொல்ல முடியாது. குறி பார்த்து வைத்திருந்த இடத்திலிருந்து ஆள் நகர்ந்துவிட்டார். ஒரு வாரம் காத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று எரிச்சல்தான் வந்தது. சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, கண்ணாடியை எடுத்து, கோணியிருந்த காலை நிமிர்த்திக் கொடுத்தாள்.

மிளகைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டா என்று நாத்தனார் கேட்டார். எதற்கு என்றாள்.

"கொண்டுவந்து விடு. இவளை நான் பாத்துக்கிறேன்."

அந்தப் ‘பாத்துக்கிறேன்’ எந்தப் ‘பாத்துக்கிறேன்’ என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

தெருவில் நின்றிருந்த காரின் கறுப்புக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து முடியைச் சரிசெய்தாள். தோளில் கிடந்த மிளகு பின்னால் திரும்பி, மாடியை நோக்கி நாக்கை நீட்டிக்கொண்டிருப்பது அதில் தெரிந்தது. மேலே பால்கனியில் தலைமையாசிரியை தெருவின் இந்த முனையை ஒருமுறை பார்த்தார், அந்த முனையை ஒருமுறை பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, தன் நாக்கை முழுசாக நீட்டினார்.