நிலவுக்கு வைத்த பொட்டு

என் மச்சாள், கணவரின் சகோதரி சிவமலருக்குக் கை சும்மா இருக்காது. சரஸ்வதி பூசை என்று வீட்டிலுள்ள புத்தகம், லாப்டாப், என் மகளின் வயலின் எல்லாவற்றையும் சாமியறையில் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். எலிசாவின் ஜப்பான் படத்தையும் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டார்.

எலிசா லொங்குய் நகரில் என்னோடு வேலை செய்பவள். இந்த ஊரில் எனக்கென்று இருக்கும் ஒரே சிநேகிதி. அவளுடைய பேஸ்மெண்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, என்னிடம் இருந்தால் பத்திரம் என்று நம்பித் தந்த படம் அது. செத்துப்போன அவள் அம்மாவினுடையது. மரப்பலகையில் செதுக்கித் தாளில் ஒற்றி எடுத்தது: ஓர் ஆறு, கரையில் நாணல், மேலே முழுநிலவு. சட்டத்தின் கண்ணாடி உடைந்துவிட்டதால் வெறும் தாளாகவே என் அறையில் வைத்திருந்தேன். நிலவுக்கு நிறமே பூசவில்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருந்தார்கள். இடம் வெறுமையாக இருக்கிறதே என்று மச்சாள் அங்கே பொட்டை வைத்துவிட்டார்.

"என்ன மச்சாள் செய்து வச்சிருக்கிறியள்?" என்று கத்தினேன்.

"படம் கீறுறதும் கலைதானே, தனுஷா. சரஸ்வதிக்கு முன்னால வச்சது குற்றமே?"

சமாதானம் செய்ய என் கணவர் யோகேந்திரன் வந்தார். சும்மா வந்தாரா? ஈரத்துணியோடு வந்தார். நான் தடுப்பதற்குள் ஒரே துடை. குங்குமம் நிலவு முழுக்கப் பரவியது, ஆற்றின் நீலம் கரைந்து கரையில் ஏறியது. அவர் கையிலிருந்த துணியைப் பறித்தேன்.

"பிள்ளை தெரியாமச் செய்திட்டாள் எண்டு எலிசாவுக்குச் சொல்லுவம்," என்றார்.

"அவளின்ரை தலையில கட்டப் போறியளோ? வெக்கமில்லையே உங்களுக்கு!"

பின்னேரம் எலிசா படத்தை எடுத்துப்போக வந்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். தாளை இரண்டு கையாலும் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பரவாயில்லை என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

கதவைச் சாத்தியதும் இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீரே, பரவாயில்லை எண்டிட்டா. நீர்தான் வீணாக் குதிச்சீர்."

"அவ அழுதுகொண்டெல்லோ சொன்னவ!"

"அழுதவவோ?" என்றார் மச்சாள். "நாங்கள் கவனிக்கேல்லையே."

கவனிக்கவில்லையாம்! இரண்டு பேரும் அவளுக்கு முன்னால்தான் நின்றார்கள். நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

"இப்ப எங்க போறீர்?" என்றார் இவர்.

"அவவோட இருந்து அழ," என்றேன். "உங்கட வீட்டில அதுக்கு ஆளில்லை."