மியூட்டில் சொன்னது

1

இந்தக் கதை என் வீட்டு ஃபிரிட்ஜ் பழுதானதில் பிறந்தது. புகார் எண்ணுக்கு அழைத்து ஒரு பாட்டம் புலம்பினேன். மறுமுனையில் சட்டென்று ஒரு நிசப்தம். பிறகு, "சொல்லுங்க சார்" என்று தேன் ஒழுகும் குரல். அந்த இடைவெளியில் அந்தப் பெண் என்னை என்ன சொல்லித் திட்டியிருப்பாள்? திட்டியிருந்தால் நியாயம்தான்.

2

'விடியுமுன்னே எழுந்து முழங்காலிட்டு ஜெபிக்கும் அவள்...' (வேண்டாம். முதல் வரியிலேயே ஒளிவட்டம் மாட்டியாயிற்று.)

மறுபடி: அவள் வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை செய்கிறாள். சபையில் எல்லோருக்கும் 'ஜெப அக்கா'. "விழிப்பா இருங்க, சாத்தான் எந்த வழியா வருவான்னு சொல்ல முடியாது" என்று ஞாயிறுதோறும் மற்றவர்களுக்குச் சொல்கிறவள். தானும் காவல் இருந்தாள். வாசலில் சிங்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு ஜன்னல் வழியாக வந்தது கொசு. அழைப்பவர்கள் கத்தும்போது மியூட் பட்டனை அழுத்தி ஒரு வசவு. விட்டதும் பழைய குளிர்ந்த குரல். யாருக்கும் கேட்காதது பாவத்தில் சேருமா என்று அவள் யோசித்ததில்லை. (யோசித்தாள் என்றுதான் முதலில் எழுதினேன். களைத்தவர்கள் அவ்வளவு யோசிப்பதில்லை.)

3

மகளுக்குக் காய்ச்சல். முந்தைய இரவு பக்கத்தில் விழித்திருந்த அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. மதியத்துக்கு மேல், தினமும் அழைக்கும் பெரியவர் அன்றும் லைனில் வந்தார்.

"மெஷின் கதவு திறக்கலைம்மா."

"ஸ்விட்சை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். திறக்கலைம்மா."

"மெக்கானிக் வருவாருங்க."

"வரலையே. கதவு..."

அவள் பட்டனை அழுத்தினாள். "செத்துத் தொலையேன், கிழவா."

பட்டன் சரியாகப் பதியவில்லை.

"நானும் ஆண்டவன்கிட்ட அதைத்தாம்மா கேட்டுட்டிருக்கேன்" என்றார் அவர். "அதுக்கு முன்னாடி கதவை மட்டும் திறந்து குடுத்துடுங்க. உள்ள என் வீட்டுக்காரி துணி இருக்கு. போறதுக்கு முன்னாடி அவ போட்டது."

4

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. 'ஹலோ, ஹலோ, லைன் சரியில்லை' என்று துண்டித்துவிடுவது ஒன்று. அவள் விரல் அங்கேதான் போனது. மற்றது, அவள் கதறியழ, பெரியவர் உருக, இருவரும் போனிலேயே ஜெபிக்க... (சபை இதழ் தலைமேல் வைத்துக் கொண்டாடும். எனக்குத்தான் கூசுகிறது.)

அவள் சொன்னது இவ்வளவுதான்:

"ஐயா, அதை நான்தான் சொன்னேன். உங்களைத்தான் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"சரிம்மா. கதவு?"

மெக்கானிக் மட்டுமே செய்ய வேண்டியது என்று கம்பெனி வெளியே சொல்லாமல் வைத்திருந்த வழியை அவள் சொல்லத் தொடங்கினாள். "கீழ் ஓரத்துல சின்ன மூடி இருக்கும், திறங்க. ஒரு பாத்திரம் வச்சு முதல்ல தண்ணிய வடிச்சிடுங்க. அவசரமில்ல, நான் இருக்கேன். உள்ள ஒரு நாடா தொங்கும். மெதுவா இழுங்க."

டக்கென்ற சத்தம் அவளுக்கும் கேட்டது.

"திறந்துடுச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாத்தம் அடிக்குதும்மா. திரும்பத் துவைக்கணும். எந்தப் பட்டனை அழுத்தணும்? எல்லாம் அவதான் பண்ணுவா."

சொல்லிக்கொடுத்தாள். மன்னித்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்ல வைக்கப் பார்த்தேன். என் பேச்சை அவர் கேட்கவில்லை.

5

மேற்பார்வையாளர், அவளைவிட இளையவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஒரே போன் காலுக்கு இவ்வளவு நேரமாக்கா? ரெக்கார்டிங்கைக் கேக்கணுமா, இல்ல நீங்களே சொல்லிடறீங்களா?"

'அவருக்குக் காது மந்தம்' என்றால் போதும். நம்பிவிடுவார். அவள் வீட்டுக்குப் போய் மகள் பக்கத்தில் சுருண்டுகொள்ளலாம். பெரியவரிடம் உண்மையைச் சொல்லியாயிற்றே, அதற்கு மேலுமா?

"அது வந்து..." என்றாள்.

இதற்குப் பின் நான் எழுதிய முடிவுகளையெல்லாம் அடித்துவிட்டேன். உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு உண்மை சொல்வது சுலபம். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். இப்போது வேண்டாம். உடம்பும் மனசும் அசந்து, யாராவது எதையாவது கேட்டால் எரிந்து விழத் தோன்றும் ஒரு பொழுதில்.