கெர்னல் கொடுத்த புகார்

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்ஷன் என்றால் நான் ஒருத்திதான். பெயர் ஏஞ்சல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. செவ்வாப்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போதே யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு எதிரே வருவார்கள். பிளக் என்று ஒன்று இருந்தால் போதும், அது என் தலையில்தான். கேன்டீன் கிரைண்டரைக்கூடப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் விசாரணைக்கென்று என்னைக் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

எச்.ஆர். ஜோதிலட்சுமி மேடத்தின் அறையில் பேக்கிங் லைன் சூப்பர்வைசர் சந்திரமோகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே குணசுந்தரி நின்றுகொண்டிருந்தாள். பள்ளிப்பட்டுப் பெண், விடுதியில் தங்கி லைனில் ட்ரெய்னியாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு பர்மனென்ட் ஆர்டர் வரவேண்டும். மேசைமேல் இருந்ததோ அவளை வேலையைவிட்டு நிறுத்துகிற கடிதம். மேடத்தின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

காலையில் மூடிகளைப் படம் பிடித்துச் சோதிக்கிற கேமரா திடீரென்று நின்றுபோய், நாற்பது நிமிஷம் லைன் ஓடவில்லை. வயரைக் கழற்றி மாட்டியதும் ஓடிவிட்டது. ஆகவே யாரோ வேண்டுமென்றே வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்திரமோகன் முடிவு கட்டிவிட்டார். யார் என்பதற்கு ஆதாரமும் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் தன் உள்விவகாரங்களையெல்லாம் திரையில் கொட்டுவதற்கு ஒரு கட்டளை உண்டு. ஆபத்துக்கு உதவட்டும் என்று நான்தான் போன மாதம் அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பாரு ஏஞ்சல், கம்ப்யூட்டரே எழுதிக்குது," என்று பிரிண்ட் எடுத்த தாளில் விரலை வைத்தார். "நாலாயிரத்தி நூத்தி இருபத்தேழு, யூ.எஸ்.பி. டிஸ்கனெக்ட். இந்தப் பொண்ணு டோக்கன் நம்பர் இன்னா? அதே 4127. மேல் வரில ஈ.எம்.ஐ.னு வேற போட்டுக்குது. ஸ்கூட்டிக்கு ஈ.எம்.ஐ. கட்டிக்கினு இருக்குது மேடம் இது. லைன் நின்னா ஓ.டி. கிடைக்கும், அதான் பண்ணிக்குது."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டே சிரித்தேன். அப்புறம் குணசுந்தரியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அது டோக்கன் இல்ல. மெஷினை ஆன் பண்ணதுலேர்ந்து எத்தினி செகண்டு ஆச்சுன்ற கணக்கு."

"எந்த ஊரு கடியாரம் அப்டி டைம் காட்டுது? உன் சிநேகிதியைக் காப்பாத்தறதுக்கு எதாச்சும் சொல்லாத."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "ஏஞ்சல், தேதி, மணியோட எழுதி வெச்ச ரெக்கார்டு இருந்தா காட்டு. இல்லன்னா சார் சொல்றதைத்தான் நான் எடுத்துக்கணும்."

"இருக்கு மேடம். சிஸ்டம் லாக்."

அது எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சொன்னேன். கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. வயர், மெமரி, டிஸ்க் எல்லாம் அதன் பொறுப்பு. ஆன் ஆனதுமே, பார்த்ததையெல்லாம் எழுத ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் டிஸ்க்கூடத் தயாராக இருக்காது என்பதால், மெமரியிலேயே ஒரு சின்ன இடத்தில் வட்டமாக எழுதிக்கொண்டு போகும். இடம் தீர்ந்தால் பழைய வரிகளின் மேலேயே எழுதும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், ஆன் ஆனதிலிருந்து ஓடிய நொடிகளைப் போடும். பிறகு இன்னொரு புரோகிராம் வந்து, அந்த வரிகளைப் படித்து, தேதியும் மணியும் போட்டு, டிஸ்கில் இருக்கிற லாகில் சேர்க்கும்.

"கர்னலா? மிலிட்டரிக்காரர் மாதிரி இருக்கே," என்றார் மேடம்.

அவருடைய கம்ப்யூட்டரிலிருந்தே லைன் கம்ப்யூட்டருக்குள் போய் லாகைத் திறந்தேன். கெர்னல் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அன்றைக்கும் இல்லை, முந்தின நாளும் இல்லை, இரண்டு மாதமாகவே இல்லை.

காரணம் உடனே ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பழைய கேமரா நொடிக்கு நூறு தடவை புலம்பி லாகை நிரப்பிக்கொண்டிருந்தது. தொல்லை தாங்காமல், கெர்னல் வரிகளைப் படிக்கிற வேலையை நானே நிறுத்திவைத்தேன். புதுக் கேமரா வந்தது, புலம்பலும் போனது, நிறுத்தியதைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். கெர்னல் பாவம், எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எடுத்துக்கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளைத்தான் நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

வெட்கத்தை விட்டு அதைச் சொன்னேன். சந்திரமோகனின் முகத்தில் தீபாவளி.

"ஒரு நிமிஷம் மேடம்," என்று கெஞ்சினேன். மெஷினை இன்னும் யாரும் ஆஃப் செய்யவில்லை. வட்டத்தில் காலை வரிகள் அழியாமல் இருந்தால், படிக்கிற ஆளை இப்போது எழுப்பிவிட்டாலும் மிச்சமிருப்பதையெல்லாம் கொண்டுவந்து சேர்த்துவிடும். அழிந்திருந்தால் குணசுந்தரியின் வேலை போயிற்று, அதுவும் என் சோம்பேறித்தனத்தால். யேசப்பா என்று சொல்லிக்கொண்டே என்டர் தட்டினேன்.

லாகில் வரிகள் மளமளவென்று வந்து விழுந்தன. 4127ம் அதில் இருந்தது. ஆனால் எல்லா வரிக்கும் ஒரே மணி.

சந்திரமோகன் எழுந்தே நின்றுவிட்டார். "இப்ப மணி போட்டு வந்துக்குது பாருங்க மேடம்! பன்னெண்டு நாப்பத்திரெண்டு! பன்னெண்டு நாப்பத்திரெண்டுக்குப் புடுங்கிக்குது!"

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு நாற்பத்து மூன்று.

"பன்னெண்டு நாப்பத்திரெண்டுக்கு இந்தப் பொண்ணு என் முன்னாடிதான் நின்னுக்கினு இருந்துச்சு சார்," என்றார். எச்.ஆர். பாஷையையே மறந்துவிட்டார்.

"அது நடந்த நேரம் இல்ல மேடம், லாகுக்கு வந்து சேர்ந்த நேரம்," என்றேன். "நான் லேட்டா ஆள் அனுப்புனதால எல்லாம் ஒரே நேரத்துல வந்துச்சு. நடந்த நேரம் முன்னாடி இருக்குற செகண்டுலதான் இருக்கு. சார், உங்க டோக்கன் நம்பர் எத்தினி?"

"ஆயிரத்தி எம்பத்தி மூணு. எதுக்கு?"

தேடிப் பார்த்தேன். கர்த்தர் பெரியவர். "ஆயிரத்தி எம்பத்தி மூணுல, மெமரி பத்தலன்னு ஒரு புரோகிராமை 'கில்' பண்ணிட்டதா எழுதிக்குது. உங்க கணக்குப்படி நீங்க ஒரு கொலை பண்ணிக்கிறீங்க சார். மொத வரி பூஜ்யம். அது யாரு டோக்கன்?"

மேடத்துக்குச் சிரிப்பில் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தார். லைன் கம்ப்யூட்டரை அன்று ஆன் செய்தது ஆறு ஐந்துக்கு. ஷிப்ட் புத்தகத்தில் சந்திரமோகனே எழுதியிருந்தார். அதோடு 4127 நொடியைக் கூட்டினால் ஏழு பதின்மூன்று. நாஷ்டா நேரம். கேன்டீனில் முகம் காட்டிப் பதிகிற மெஷினில் குணசுந்தரி ஏழு ஒன்பதுக்கு உள்ளே போயிருக்கிறாள், ஏழு இருபத்தைந்துக்குத்தான் வெளியே வந்திருக்கிறாள்.

"அப்ப லைன்கிட்ட யாரு இருந்தா?" என்று மேடம் வேலை அனுமதி ஃபைலைப் புரட்டினார். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்துத் தூணில் வெல்டிங் வைக்க, ஏழு பத்திலிருந்து வெல்டர் கலியனுக்கு அனுமதி. கேமரா வயர் அந்தத் தூணை ஒட்டித்தான் போகிறது.

"அதான் சார் அந்த ஈ.எம்.ஐ.," என்றேன். "பக்கத்துல வெல்டிங் வெச்சா அந்தக் கரண்டு இரைச்சல் வயர்ல ஏறிடும். அதுக்கும் இங்கிலீஷ்ல ஈ.எம்.ஐ.தான். அதனால இருக்குமோன்னு கெர்னல் சந்தேகப்பட்டு, பக்கத்துல கேள்விக்குறியும் போட்டுக்குது."

கெர்னலுக்கே சந்தேகம்தான். சந்திரமோகனுக்குத்தான் சந்தேகமே வரவில்லை.

"அப்போ அது ஸ்கூட்டி ஈ.எம்.ஐ. இல்லியா?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர். "பேஜாராப் போச்சே மேடம்."

மேடம் கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "வெள்ளிக்கிழமை வந்து ஆர்டர் வாங்கிக்கோம்மா. நீ போலாம்."

குணசுந்தரி போகவில்லை. நான் வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நாஷ்டா துன்னுக்கினு இருந்தேன்னு காத்தாலயே சொன்னேன் மேடம். எட்டேகாலுக்கு. சாருகிட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொன்னேன். யாரும் எழுதல."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நேரம் பக்கத்தில் நின்றவளிடம் நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராக மெஷினிடம்தான் போனேன்.

மேடம் விசாரணைப் புத்தகத்தைத் திறந்தார். தேதியை எழுதினார், கடிகாரத்தைப் பார்த்து பன்னிரண்டு ஐம்பத்தைந்து என்று எழுதினார்.

"அந்த டைம் வாணாம் மேடம்," என்றாள் குணசுந்தரி. "அது இப்ப உங்க காதுல வுழுந்த டைமு. நான் சொன்னது எட்டேகாலு."

மேடம் அதை அடித்துவிட்டு, எட்டேகால் என்று எழுதினார்.