சிவப்புப் பொட்டாஷ்

நபீஸா சாப்பிட்டுக் கழுவிய ஈரக் கையை மூடைக்குள் விட்டாள். கல்முனை உரக்கடையொன்றின் பின்கட்டில், பெரிய மூடைகளைப் பிரித்து இரண்டு கிலோப் பைகளில் அடைப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. கையுறை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். வெறுங்கைக்கு எல்லா உர உப்பும் பழகிவிட்டது. அமோனியம் சல்பேற்று சீனி மாதிரி, விரலில் ஒட்டும். துத்தநாக சல்பேற்று விரல் வெடிப்பில் பட்டால் எரிச்சலில் உயிர் போகும். சிவப்புப் பொட்டாஷ் ஈரத்தில் கரையும்போது சில்லிடும்; நாக்கில் வைத்தால் கடைசியில் கசக்கும்.

இன்று வந்த பொட்டாஷ் மூடை சில்லிடவில்லை. ஒரு கல்லை நாக்கில் வைத்தாள். கசக்கவுமில்லை. செங்கல் தூளில் புரட்டிய வெறும் கறியுப்பு.

வீட்டில் யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லி ஆறியிருப்பாள். கணவர் மௌத்தாகி ஆறு வருடம், பிள்ளைகளும் இல்லை. நாள் முழுவதும் இந்த மூடைகளோடுதான் அவள் இருப்பு.

அந்நேரம் வரிப்பத்தான்சேனைக் கிராமத்து இப்றாஹிம், இன்று வந்ததில் தான் வாங்கிய மூடையை ஏற்ற உள்ளே வந்தார். மூன்று ஏக்கர் வயல்காரர்; அவள் அண்ணனாக எண்ணிக் காக்கா என்றழைப்பவர்.

"காக்கா, இது வேணாம். இது பொட்டாஷ் இல்ல, கறியுப்பு. வயலுக்குப் போட்டா பயிர் கருகிடும்."

"மெய்யாவா புள்ள?"

"ஓம். நான் சொன்னண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

இப்றாஹிம் நல்ல மனிதர்தான். ஆனால் நன்றியை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவர். முன்பக்கம் போய் முதலாளி றம்ஸீனிடம் உரக்கவே சொன்னார்.

"மூடைய மாத்தித் தாங்க ஹாஜியார். உள்ளுக்கு இரிக்கிற பொம்புள நாக்குல வெச்சே கண்டுபுடிச்சிட்டா. கெட்டிக்காரி!"

முதலாளி சிரித்தார். நல்ல மூடை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இப்றாஹிமின் உழவு இயந்திரச் சத்தம் தெருமுனையில் மறைந்த பிறகு பின்கட்டுக்கு வந்தார்.

"உப்பப் பத்திப் படிச்சிக் குடுக்கவா உன்ன வெச்சிரிக்கன்? நாளைக்கு வர வேணாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

மறுநாள் காலை, விட்டுவந்த சோற்றுப் பெட்டியை எடுக்கப் போனாள். அவள் இருந்த பலகையில் ஓர் இளம்பெண் இருந்தாள். அதே சிவப்பு மூடை அவள் மடியருகே திறந்து கிடந்தது.

"என்ன உரம் புள்ள இது?"

"பொட்டாஷாம், ராத்தா. முதலாளி சொன்னாரு."

அள்ளி அள்ளிப் போட்டதில் அந்தப் பெண்ணின் கைகள் மணிக்கட்டுவரை சிவந்திருந்தன. விரல்களில் இன்னும் ஒரு வெடிப்புகூட இல்லை.