ஆறாவது ஆள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அந்த அம்மாவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் நீராவியம்மா. இருபத்திரண்டு வருஷமாக அங்கே மேற்பார்வை. வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் வெந்துபோவார். அப்படிப்பட்டவளிடம்தான் அலுவலகம், "உங்களுக்கு வயதாகிவிட்டது. உங்கள் இடத்துக்கு ஓர் ஆளை நீங்களே பேசித் தேர்ந்தெடுங்கள். அந்த ஆள் பொறுப்பேற்கும் நாளில் நீங்கள் கிளம்பலாம்" என்று சொல்லியிருந்தது. கூடவே, 'கனிவான நேர்காணல்' என்று ஒரு தாள். புன்னகை செய்யவும், தண்ணீர் கொடுக்கவும், குறுக்கே பேசாதிருக்கவும் என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள்.

எங்கிருந்து வரும் கனிவு? மகளின் நர்ஸிங் படிப்பு முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் வேலை போனால் படிப்பு நடுத்தெருவில் நிற்கும். ஆகவே வந்த ஐந்து பேரையும் கதிகலங்க அடித்து அனுப்பிவிட்டு, 'தகுதியில்லை' என்று எழுதி வைத்தாள். ஒருத்தர் பையைக்கூட மறந்துவிட்டு ஓடினார்.

ஆறாவதாக வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். அவள் முன்னால் தண்ணீர்க் குவளையை ணங்கென்று வைத்தாள் நீராவியம்மா.

"குடி. குடுக்கணும்னு எழுதியிருக்கு."

"பரவால்லக்கா."

"யாருக்கு யாரு அக்கா? ரெண்டு வருஷமா வேலையில்லாம என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"வேலை தேடிக்கிட்டிருந்தேன்."

"ஊர்ல ஒருத்தரும் சீந்தல, நான் மட்டும் எடுத்துக்கணுமாக்கும். ரத்தக் கறைய எதுல அலசுவ?"

"பச்சத் தண்ணியில. வெந்நீர் பட்டா கறை ஒட்டிக்கும்."

சரியான பதில். அதனாலேயே நீராவியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொற்றுநோய் வார்டு மூட்டை கிழிந்து வந்தால் என்ன செய்வாய், ஓடுகிற இயந்திரத்தில் விரிப்பு சிக்கினால் என்ன செய்வாய் என்று துருவித் துருவிக் கேட்டாள். வந்தவள் எதிலும் மாட்டவில்லை.

"உன் மூஞ்சியே சரியில்ல" என்றாள் கடைசியில்.

வந்தவள் குவளையைத் தள்ளி வைத்தாள். "உங்கள எப்ப அனுப்புறாங்க?"

நீராவியம்மா அந்தக் குவளையை எடுத்துத் தானே ஒரு மடக்குக் குடித்தாள்.

"பழைய வேலையில எனக்குப் பதிலா ஆளெடுக்க என்னையேதான் உக்கார வச்சாங்க. நாலு பேரத் திட்டியே விரட்டினேன். அஞ்சாவது ஆள அவங்களே எடுத்துட்டு, அன்னைக்கே என்னை வெளிய அனுப்பிட்டாங்க. சிடுமூஞ்சி, யாரோடயும் ஒத்துப்போக மாட்டாள்னு சான்றிதழ்ல வேற எழுதிக் குடுத்தாங்க. அந்தக் காகிதத்தப் பாத்துட்டு எவன் வேலை குடுப்பான்? என்னையும் வேணாம்னே எழுதிக்குங்க. ஆனா நாளைக்கு உங்களுக்கும் இதே கதிதான்."

நீராவியம்மாவுக்கு அவமானமாக இருந்தது. எதிரே இருப்பவள்மேல் இரக்கமும் வந்தது; இரக்கம் வந்துவிட்டதே என்று கோபம் இன்னும் ஏறியது. அவளுடைய விண்ணப்பத்தை வெடுக்கென்று இழுத்து, 'தகுதி உண்டு' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே இன்னொரு வரியும் எழுதி அவள் பக்கம் திருப்பினாள். 'பொறுப்பேற்கும் முன் என்னிடம் ஐந்து மாதப் பயிற்சி அவசியம்.'

வந்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அஞ்சு மாசமா? கேட்டதுக்கெல்லாம் சரியாத்தானே சொன்னேன்? எனக்கு எல்லா வேலையும் தெரியும்."

"ஒரு மண்ணும் தெரியாது" என்றாள் நீராவியம்மா. "பயிற்சிக்கும் முழுச் சம்பளம் உண்டு. ஆபீஸ்ல யாரு கேட்டாலும் உனக்கு ஒண்ணும் தெரியாது. வெளங்குதா?"

வந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றாள்.